நூற்றுத் தொண்ணூற்றொன்பது

ஸ்டெபிலைசர் செய்துகொண்டிருந்த கம்பெனி
இனி சிப் கார்டும் செய்யும் என்று
தனகோட்டி சார் அறிவித்த அன்று
மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கரண்ட் இல்லை.
இருட்டில் கைதட்டினோம்.

செய்வதென்றால் முழுக்க இல்லை.
மணல் சில்லாவது எங்கோ தைவானில்.
எள்ளில் பாதியாய் டப்பாவில் வந்திறங்கும்.
அதற்குக் கால் வைத்து, முகம் வைத்து
பிளாஸ்டிக் அட்டையில் குடிவைப்பது நாங்கள்.
ஜெயசீலி மைக்ராஸ்கோப்பில் கண் புதைத்து
முடியில் மூன்றிலொரு பங்கு தங்கக் கம்பியை
ஐந்து இடத்தில் தைப்பாள்.
தும்மினால் நாற்பது ரூபாய் போச்சு.
ஒரு கிராமை இழுத்தால்
எங்கள் தெரு முனை வரை வரும், கணக்குப் போட்டிருக்கிறோம்.

என் வேலை எழுப்புவது.
ரீடரில் செருகி மின்சாரம் தொட்டதும்
கார்டுதான் முதலில் வாய் திறக்கவேண்டும்,
பேர் வாசித்ததும்
உள்ளேன் ஐயா என்பதுபோல.
சொன்னால் பச்சை விளக்கு.
சொல்லாவிட்டால் ஆப்சென்ட்.

முதல் ஆர்டர் ஒரு விசைப்படகுச் சங்கம்,
டீசல் கார்டு, பதினோராயிரம்.
உப்பைத் தாங்குமா என்று கேட்டார்கள்.
தாங்கும் என்றார் சார், என்னைப் பார்த்துக்கொண்டே.
உப்புப் புகை அடிக்கும் பெட்டி எட்டு லட்சம்.
"உன் வீடு எங்கம்மா?"
தேவனாம்பட்டினம் என்றேன்.
மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியும் என்பதையும்
சொல்லித் தொலைத்தேன்.

இருநூறு கார்டோடு கடலூர் பஸ் ஏறினேன்.
முள்ளோடையில் நிறுத்தினார்கள்.
பாட்டில் தேடிய கை
என் பையில் கட்டுக்கட்டாய்க் கார்டைக் கண்டது.
நெஞ்சில் கலியபெருமாள் என்று எழுதியிருந்தது.
"யார் கார்டும்மா இதெல்லாம்?"
"யாரோடதும் இல்ல சார். பேர் இன்னும் ஏறல."
"அப்போ எதுக்கு?"
"உப்புக் காத்துல காயப்போட."
பஸ்ஸில் ஒருவரும் சிரிக்கவில்லை.
அவர் ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்தார்,
முகர்ந்தும் பார்த்தார்.
அந்தச் சந்தடியில்
பின்சீட்டுக்காரன் இடுப்பிலிருந்த இரண்டு குவார்ட்டர்
பத்திரமாய்க் கடலூர் சேர்ந்தது.

துணிக்கொடியில் கிளிப் மாட்டி நாற்பது நாள்.
புது ரேஷன் கார்டு உங்களுக்கு மட்டுமா என்று
எதிர்வீட்டு அஞ்சலாட்சி சண்டைக்கு வந்தாள்.
ராத்திரிக் காற்றில் அவை ஒன்றையொன்று தட்டும்.
பேர் வைக்காத பிள்ளைகளுக்கு
இவ்வளவு வாயா என்றான்
தூக்கம் கெட்ட என் கணவன்.
பன்னிரண்டாம் நாள் ஒன்றைக்
காக்கை தூக்கிப்போனது.

நாற்பத்தொன்றாம் நாள் லேபில் செருகத் தொடங்கினேன்.
பச்சை. பச்சை. பச்சை.
பதினெட்டாவது வாயே திறக்கவில்லை.
துடைத்து மறுபடி செருகினேன். ம்ஹூம்.
மொத்தம் முப்பத்தொன்று.
ஜெயசீலி லென்சில் பார்த்தாள்.
தங்கப் பூச்சில் ஊசித்துளைகள்,
அடியில் நிக்கல் பாசிபோலப் பூத்திருந்தது.
பூச்சின் கனத்தைப் பாதியாக்கியது யார் என்று
இருவருக்கும் தெரியும்.
மார்ச் மாதச் சம்பளம் தேதி தவறாமல் வந்தது
அந்த மிச்சத்தில்தான் என்பதும் தெரியும்.
லென்சைத் துடைத்து உறைக்குள் போட்டாள்.

அறிக்கையைக் கண்ணாடி கழற்றிப் படித்தார் சார்.
"முப்பத்தொண்ணு. இருநூறுல."
நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் என்று திருத்தினேன்.
"இன்னொண்ணு?"
காக்கை என்றேன்.
"அதைப் பாஸ்னு போட்டுக்கலாமா?"
விளையாட்டுக்குக் கேட்டாரா, தெரியவில்லை.

இருநூறாவது கட்டம் இன்னும் காலி.
எங்கள் தெருப் பூவரசில் ஏதோ ஒரு கூட்டில்
குஞ்சுகளுக்கு அடியில் கிடக்கலாம் அது.
மின்சாரம் தொட்டால் என்ன சொல்லும்?
பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.
வெளியே லாரியில்
பழைய ஸ்டெபிலைசர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்,
ஒன்று, இரண்டு என்று
சத்தமாய் எண்ணி.